மூன்றாம் பெட்டி நலம்

ஏறாவூர்,
மார்கழி 12.

அன்பின் சீதேவிக்கு,

உன்னையும், மகள் தனுஷியாவையும், பிறந்து பதினெட்டு நாளாகியும் நான் இன்னும் முகம் பார்க்காத பேத்தியையும் வவுனியாவில் இக்கடிதம் நல்ல சுகத்துடன் கண்டுகொள்ள வேண்டுமென்று மாமாங்கப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். மருமகன் மதுஷனுக்கும் என் அன்பைச் சொல். நான் சுகம். வீடு சுகம். மூன்றாம் பெட்டி சுகம். இதோடு முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் கடிதத்தின் தலையில் வந்தாறுமூலை என்று இருக்க வேண்டிய இடத்தில் ஏறாவூர் என்று இருப்பதைப் பார்த்து நீ இந்நேரம் புருவத்தை உயர்த்தியிருப்பாய். அதற்குத்தான் வருகிறேன், பொறு.

ஏன் கடிதம் என்றும் கேட்பாய். என் போன் தண்ணீரில் விழுந்து, பதினாறு நாளாக அரிசிச் சாக்குக்குள் கிடக்கிறது. அரிசியும் நனைந்த அரிசி என்பது பிறகுதான் தெரிந்தது. ஆனால் போன் இருந்திருந்தாலும் கடிதம்தான் எழுதியிருப்பேன். போனில் நான் ஒரு சொல் சொல்வதற்குள் நீ மூன்று கேள்வி கேட்பாய். கடிதத்துக்குள் நீ இடையில் புக முடியாது. நான் இங்கே தங்கியிருக்கிற வீட்டு முனாப் தம்பியின் போனில் மூன்று தரம் உன்னோடு பேசி, “தண்ணி முத்தத்தோட நிண்டிட்டு” என்று சொன்னேன் அல்லவா, அது உண்மை. முற்றத்தில் நாலடி நின்றது. “பெட்டியெல்லாம்?” என்று நீ கேட்டபோது “நிக்கிது” என்றேன். அதுவும் உண்மை, ஒரு பெட்டி நின்றது. நீ “ஓம், சரி” என்று சொல்லிவிட்டு மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. முப்பத்தாறு வருடத்தில் நீ மேற்கொண்டு கேட்காத முதல் நாள் அது. பேத்தியின் அலுவலில் மறந்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன்.

நீ புறப்பட்ட அன்று ஓட்டோவில் ஏறியவள் மறுபடி இறங்கி வந்து என்ன சொன்னாய்? “இஞ்சாருங்க, வீடு போனாலும் பறுவாயில்ல. மூண்டாம் பெட்டிய மட்டும் விட்டிராதீங்க.” வீட்டைப் பற்றி அப்படிச் சொன்னது எனக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான், அது நான் கட்டிய வீடு. ஆனால் காரணம் எனக்குத் தெரியும். பழைய கிணற்றுக் கட்டுக்குள் இருந்த தேன்கூட்டை நீ உன் கையாலேயே எடுத்தாய். ஒன்றாம் பெட்டியிலும் இரண்டாம் பெட்டியிலும் நில்லாமல் ஓடிய கூட்டத்தை மூன்றாம் பெட்டியில் நிற்க வைத்தாய். மற்ற ஏழு பெட்டியும் பிறகு அதிலிருந்து பிரித்துப் பிரித்து நீ உண்டாக்கியவை. அது நின்றால் மற்றதெல்லாம் திரும்ப வரும். அது போனால் உன்னுடைய ஆறு வருடம் போனது. இது எனக்குத் தெரியாதா? தெரிந்ததனால்தான் எழுத்து இப்படிக் கோணிக்கொண்டு போகிறது.

பிரிஜ்ஜில் நீ ஒட்டிவிட்டுப் போன தாளில் ஒன்பது கட்டளை இருந்தது. அதில் நாலாவது, பெட்டியை இடம் மாற்றுவதென்றால் மூன்று அடிக்குள் மாற்ற வேண்டும், இல்லையென்றால் மூன்று மைலுக்கு அப்பால் கொண்டு போக வேண்டும், நடுவில் எங்கும் வைக்கக் கூடாது என்பது. அதை வாசித்து நான் சிரித்தேன். முப்பத்திரண்டு வருடம் நிலம் அளந்தவன் நான். மூன்று அடிக்கும் மூன்று மைலுக்கும் நடுவில் ஐயாயிரத்து இருநூற்று எழுபத்தொன்பது யார் நீளத்துக்கு நிலம் கிடக்கிறது. இவ்வளவு நிலத்திலும் ஒரு தேனீப் பெட்டி வைக்க இடமில்லை என்று எந்த நில அளவையாளன் கையெழுத்துப் போடுவான்? மற்ற எட்டுக் கட்டளையையும் மனப்பாடம் செய்தேன். இந்த ஒன்றை விட்டுவிட்டேன்.

மழை மூன்று நாள் ஓயவில்லை. நாலாம் நாள் காலை வட்டை வயல் பக்கமிருந்து தண்ணீர் வரத் தொடங்கியதும் மற்றவர்களைப் போல் நான் ஓடித் திரியவில்லை. முற்றத்தில் ஒரு தடி நட்டு, அங்குலம் குறித்து, கதிரை போட்டு அமர்ந்து, மணிக்கு எவ்வளவு ஏறுகிறதென்று கொப்பியில் எழுதினேன். மணிக்கு அரை அங்குலம். பெட்டிக் கால்களின் உயரம் பதினெட்டு அங்குலம். ஆகவே தண்ணீர் பெட்டியைத் தொட முப்பத்தாறு மணித்தியாலம் இருக்கிறது என்று கணக்குப் போட்டு, அடியில் இரண்டு கோடும் இழுத்துவிட்டு, தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குள் போனேன். ஒரு கேத்தல் கொதிக்க எவ்வளவு நேரம் ஆகும்? நான் கோப்பையோடு வெளியே வந்தபோது தடி இல்லை, கதிரை இல்லை, கொப்பி வேலியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. மேலே எங்கோ ஒரு குளக்கட்டு உடைத்துக்கொண்டதாகப் பிறகு சொன்னார்கள். ஆகவே என் கணக்கில் பிழையில்லை.

எறும்பு ஏறாமல் பெட்டிக் கால்களுக்கு நீ வைத்த கழிவு ஒயில் சிரட்டைகள்தான் முதலில் மிதந்து வந்தன, தண்ணீர் முழுக்க ஒயில். அதன் பிறகு பெட்டிகள். ஒன்றாம் பெட்டி வேலியில் மோதிக் கவிழ்ந்தது. இரண்டும் ஆறும் ஒன்றன் பின் ஒன்றாக வட்டைக்குள் போயின. தேன் சுற்றி எடுக்கிற தகரப் பீப்பா, புகையூட்டி, முகமூடித் தொப்பி, கையுறை எல்லாவற்றையும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு கொழும்புக்குப் போவது போலக் கம்பீரமாகப் போனது. எட்டாம் பெட்டி எங்கே போனதென்று நான் பார்க்கவில்லை. நான் நெஞ்சளவு தண்ணீரில் இறங்கிப் பிடித்தது மூன்றாம் பெட்டியை. மூன்றாம் பெட்டியைத்தான். அதை மரமுந்திரிக் கிளையில் தூக்கி வைத்து, வாசல் துளையை அடைக்க வேறொன்றும் அகப்படாமல் என் பெனியனைக் கழற்றி அடைத்து, பிறகு தலையில் ஏற்றிக்கொண்டு, சனம் எல்லாம் போயிருந்த பாடசாலைக்கு நடந்தேன். நம் முற்றத்திலிருந்து இருநூற்று அறுபத்தைந்து யார். பழக்க தோஷத்தில் எண்ணிக்கொண்டே நடந்தேன்.

பாடசாலையில் முப்பது குடும்பம். இடுப்பில் சாரத்தோடு மட்டும் ஒரு மனிதன் தலையில் பெட்டி சுமந்து வருவதைக் கண்டு, நிவாரணச் சாமான் வந்துவிட்டதென்று எல்லாரும் எழுந்து வந்தார்கள். பிஸ்கட்டா பால்மாவா என்று அறிய முதலில் பெட்டியில் காதை வைத்தது நம் அயல் வீட்டுக் கண்ணகை அக்கா. அவ போட்ட சத்தத்தில் வந்தவர்கள் எல்லாரும் திரும்பவும் வெள்ளத்துக்குள் இறங்கிவிட்டார்கள். “வினாயகமூர்த்தி, ஒண்டில் அது இரிக்கோணும், இல்லாட்டி நாங்க இரிக்கோணும்” என்று அவ தீர்ப்புச் சொல்ல, பெட்டிக்கும் எனக்கும் மேல்மாடி விறாந்தையின் கடைசி மூலை கிடைத்தது. மறுநாள் காலை கொஞ்சம் வெயில் பட்டதும் பெனியனை இழுத்து வாசலைத் திறந்துவிட்டேன். அரை மணித்தியாலத்துக்குள் அவ்வளவு தேனீயும் வெளியே போய்விட்டன. “பாத்தீங்களா அக்கா, வெள்ளமெண்டாலும் வேலைக்குப் போகுதுகள், நம்மட ஆக்கள் மாதிரியா?” என்று கண்ணகை அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். நாலு மணி ஆனது, ஐந்து ஆனது, வேலைக்குப் போன ஒன்றும் திரும்பவில்லை. மூடியைத் தூக்கிப் பார்த்தால் இராணியும், இன்னும் பறக்கப் பழகாத குஞ்சுத் தேனீக்களும் மட்டும் தேன்வதையில் ஒட்டிக்கொண்டிருந்தன. அப்போதுதான் உன் நாலாவது கட்டளை ஞாபகம் வந்தது. அன்று நான் ஒன்றும் சாப்பிடவில்லை.

அதற்கு மறுநாள்தான் உன்னோடு தேனீ வளர்ப்பு வகுப்புக்கு வந்த பரீனாவும் அவளுடைய புருஷன் முனாப் தம்பியும் ஏறாவூரிலிருந்து சோற்றுப் பார்சல் கொண்டு வந்தார்கள். அவர்களுடைய நாலு பெட்டியும் வீட்டு மேல்மாடியில் இருப்பதால் ஒன்றும் நனையவில்லை. முனாப் தம்பி தோணி ஒன்று பிடித்து என்னை நம் வீட்டுக்குக் கூட்டிப் போனார். பெட்டி நின்ற இடத்தில் தண்ணீர் மட்டும் இருந்தது. அந்த இடத்துக்கு நேர் மேலே, ஒரு முழம் இப்படி அப்படி விலகாமல், நம் தேனீக்கள் சுற்றிக்கொண்டு நின்றன. கீழே வீடு இல்லை, இருந்தும் போகவில்லை. களைத்தவை முருங்கைக் கிளையில் கொத்தாகப் பிடித்திருந்தன. பிடிக்க ஏலாதவை தண்ணீரில் விழுந்து கிடந்தன. இருநூற்று அறுபத்தைந்து யாருக்கு அப்பால் உங்கள் வீடும் இராணியும் பத்திரமாக இருக்கிறதென்று இதுகளுக்கு எப்படிச் சொல்வது? நான் தோணியில் இருந்து அழுதேன், சீதேவி. கண்ணில் ஒயில் பட்டுவிட்டதா என்று முனாப் தம்பி கேட்டார். ஓம் என்றேன்.

இனி என்ன செய்வது என்று அவரிடமே கேட்டேன். தேனீ பரீனாவின் வேலை, அவர் ஆணியும் பெயின்ரும் விற்கிற மனிதர், உனக்குத் தெரியும். “ஒரு நிமிசம் அண்ணன், கடைக்கு ஒரு கோல் எடுக்கோணும்” என்று தோணியின் மறு முனைக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசினார். திரும்பி வந்து, “ஈரமில்லாத பலகைப் பெட்டி ஒண்டு வேணும். உள்ளுக்கு வதைத் துண்டு ஒண்டக் கட்டி அதே இடத்தில வைங்க, பின்னேரத்துக்குள்ள எல்லாம் வந்து ஏறிரும். கிட்டப் போனா வாயால மூச்சு விடாதீங்க, அதுகளுக்குப் பிடிக்காது” என்று மளமளவென்று சொன்னார். ஆணி விற்கிறவருக்கு இவ்வளவு ஞானமா என்று நினைத்துக்கொண்டே பெட்டி தேடப் போனேன். வீட்டில் நனையாத பலகைப் பெட்டி என்று இருந்தது, நான் ஓய்வு பெற்றபோது அலுவலகத்தில் தந்த பெரிய சுவர் மணிக்கூடு ஒன்றுதான். மெஷினையும் பெண்டுலத்தையும் கழற்றி எடுத்துவிட்டேன். அது பிந்தி ஓடுகிறதென்று நீ எப்போதும் குறை சொல்வாய், இனி அந்தக் குறை இருக்காது.

முகமூடித் தொப்பி பீப்பாவோடு போய்விட்டதால் கட்டிலுக்குக் கட்டுகிற நுளம்புவலை ஒன்றைத் தேடி எடுத்தோம். வலை ஒன்று, நாங்கள் இரண்டு பேர். ஒரே வலைக்குள் நின்றுகொண்டு அவர் தோணியை நிறுத்த, நான் கவிழ்த்துக் கட்டிய பிளாஸ்டிக் பரலின் மேல் மணிக்கூட்டை வைக்க, வேலை திறமாகத்தான் போனது, வலைக்குள் மூன்றாவதாக ஒரு தேனீ இருக்கிறதென்று தெரியும் வரை. “அண்ணன், அசையாதீங்க கா” என்று எனக்குச் சொன்னவர்தான் முதலில் குதித்தார். வலை ஒன்றென்பதால் நானும் கூடவே போனேன். பாடசாலை மேல்மாடியில் நின்று பார்த்தவர்கள் ஏதோ பெரிய மீன் பட்டுவிட்டதென்று கைதட்டினார்களாம். என் இடது கண் இமை இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. அதைப் பற்றி நீ கவலைப்படாதே, வலது கண்ணால்தான் எழுதுகிறேன்.

பின்னேரம் மணிக்கூடு நிறையத் தேனீ. கண்ணாடிக் கதவைச் சாத்தி, பாடசாலையிலிருந்த பெட்டியின் வாசலையும் அடைத்து, இரண்டையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஏறாவூருக்குப் புறப்பட்டோம். உன் மூன்று மைல் சட்டத்துக்கு இந்த முறை நான் மரியாதை கொடுத்து, ஓட்டோவின் மீற்றரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, எடுக்கவும் ஒரு கண்தான் இருந்தது. முனாப் வீட்டு வாசலில் அது நாலு கிலோமீற்றர் அறுநூறு மீற்றர் காட்டியது. மூன்று மைலுக்கு இன்னும் இருநூற்று இருபத்தெட்டு மீற்றர் குறைகிறது! தேனீ வீதியால் வராது, நேரே பறக்கும், அப்படிப் பார்த்தால் இன்னும் குறையும். நான் இறங்க மாட்டேன் என்று பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டேன். முனாப் தம்பி “ஒரு நிமிசம் அண்ணன்” என்று உள்ளே போய் வந்து, “இந்தத் தூரம் காணுமாம், இறக்குங்க” என்றார். “காணுமெண்டு ஆர் சொன்னது?” என்று கேட்டேன். பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டே, “மனசு” என்றார்.

மணிக்கூட்டிலிருந்த தேனீக்களைப் பெட்டிக்குள் தட்டிவிட்டு, ஒன்பது நாள் திறக்கக் கூடாதென்று முனாப் தம்பி கட்டளை போட்டார். சிரட்டையில் சீனிப்பாகு வை, அதற்குள் நாலு தென்னந்தும்பு போடு, இல்லாவிட்டால் தேனீ மூழ்கிவிடும் என்றார். எல்லாம் செய்தேன். ஆனால் ஒன்பது நாள் சும்மா இருப்பது மனிதனால் ஆகிற காரியமா? இராணி இருக்கிறதா, செத்துவிட்டதா, கூட்டத்தோடு ஓடப் பார்க்கிறதா என்று பெட்டியில் காதை வைத்துக் கேட்பேன், இறங்கி வருவேன், பாதிப் படியில் நின்று மறுபடி ஏறுவேன். முனாப் வீட்டுப் படிகள் பதினேழு. ஒன்பதாம் நாள் திறந்து ஒரு வதைச் சட்டத்தை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தபோது, ஒவ்வொரு அறையின் அடியிலும் நூல் துண்டு போல ஒரு வெள்ளை முட்டை. பரீனாவும் முனாப் தம்பியும் பார்த்துக்கொண்டு நிற்க நான் மேல்மாடியில் துள்ளினேன், அறுபத்துநாலு வயதில். நனைந்ததில் பெட்டியின் இலக்கம் மங்கிவிட்டதால் அன்றைக்கே புதிதாக 3 என்று பெயின்ற் அடித்துவிட்டேன். எழுத்துப் புதிதாக இருக்கிறதே என்று நீ வந்து சந்தேகப்படத் தேவையில்லை.

சேதம் எழுத வந்த உத்தியோகத்தரின் படிவத்தில் நெல் இருந்தது, மாடு இருந்தது, ஆடு, கோழி இருந்தது, தேனீ இல்லை. “ஐயா, எத்தின அழிஞ்சது?” என்றார். ஏழு பெட்டி, பெட்டிக்குப் பத்தாயிரம் இருக்கும் என்றேன். பேனையை நிறுத்திவிட்டு, “அப்ப கால்நடை எழுபதாயிரம் எண்டு எழுதவா?” என்று கேட்டார். நல்ல பிள்ளை, பிறகு ஏனையவை என்ற கட்டத்தில் எழுதிக்கொண்டு போனார். வெறும் பெட்டிகளில் மூன்று திரும்பக் கிடைத்தன, ஒன்றில் கண்ணகை அக்காவின் கோழி அடைகாக்கிறது, இருபத்தொரு நாள் முடியாமல் தர மாட்டாவாம். சேறு பிடித்த சட்டங்களைக் கழுவி உடுப்புக் கொடியில் காயப் போட்டிருக்கிறேன். தகரப் பீப்பா வட்டைக் கடைசியில் கிடந்தது, உள்ளே இரண்டு விரால் மீன். பரீனா ஆக்கித் தந்தாள். தேன் வாசம் வருகிறதா என்று கவனித்துச் சாப்பிட்டேன், வரவில்லை.

ஆகவே பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. வழியில் எந்த இடத்தில் தண்ணீர் வீதியைக் கடக்கிறது என்று சொல்ல முடியாது, பேத்திக்கும் நீ பக்கத்தில் வேண்டும், ஆகையால் அவசரப்பட்டுப் புறப்படாதே. தைப்பொங்கல் வரைக்கும் நின்று ஆறுதலாக வந்தால் போதும். அதற்குள் நான் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிடுவேன். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. பேத்தியின் உள்ளங்காலில் என் பெயரைச் சொல்லி ஒரு முத்தம் வை. எல்லாரும் நோய்நொடியில்லாமல் நீண்ட காலம் இருக்க இறைவன் துணை செய்யட்டும்.

இப்படிக்கு,
மூன்றாம் பெட்டியை விட்டுவிடாத உன் கணவன்,
வினாயகமூர்த்தி

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப் போகிற நேரம் மேசையில் கிடந்த முனாப் தம்பியின் போன் அடித்தது. அவர் தொழுகைக்குப் போயிருந்தார். பரீனா குசினிக்குள்ளிருந்து, ஆரென்று பாராமல், “அண்ணன், எடுங்களன்” என்றாள். எடுத்தேன். ஹலோ என்று நான் சொல்வதற்குள் நீ தொடங்கிவிட்டாய்:

“முனாப் தம்பி, மனிசன் இண்டைக்கும் பெட்டியத் திறந்தாரா? திறக்க விடாதீங்க, சும்மா சும்மா திறந்தாக் கூட்டம் ஓடிரும். பாகக் கொஞ்சம் தண்ணியாக் காய்ச்சுங்க. எட்டாம் பெட்டிக்கு மூண்டு எண்டு எழுதி வெச்சிரிக்காரே, அந்தப் பெயின்ற் காஞ்சிட்டா? ஒருத்தரும் சிரிச்சிராதீங்க, அவருக்கு விளங்கிரும். எட்டும் மூண்டாம் பெட்டிட புள்ளதானே, எனக்கு அது காணும். பெட்டி கிடக்கட்டும் தம்பி, அவர் திரும்ப அந்தத் தண்ணிக்குள்ள இறங்காமப் பாத்துக்கங்க. அவருக்கு நீந்தத் தெரியா.”

போனைப் பரீனாவின் கையில் கொடுத்துவிட்டுப் பதினேழு படியும் ஏறிப் போய் இருந்துவிட்டேன். அவள் பின்னாலேயே வந்து, முதல் நாளே பெட்டியைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பியதையும், கடைக்கு எடுத்த கோல் எல்லாம் வவுனியாவுக்கு எடுத்த கோல் என்பதையும், நானாகச் சொல்லும் வரை கேட்கக் கூடாதென்று நீ சொன்னதையும் சொன்னாள். அப்படியென்றால் இந்தப் பதினாலு நாளும் முனாப் தம்பியின் ஞானம் என்று நான் கேட்டு நடந்ததெல்லாம் உன் வாய்ச்சொல்.

மூன்றாம் பெட்டி என் கண்முன்னால்தான் போனது, சீதேவி. பிடிக்க இன்னும் நாலடி உள்ளே போயிருக்க வேண்டும், எட்டி வைத்தேன், காலுக்கு நிலம் படவில்லை. திரும்பும்போது கைக்கு வந்தது எட்டு.

ஆகவே மேலே எழுதியதெல்லாம் உனக்குப் பழைய செய்தி, வாசிக்கத் தேவையில்லை. தைப்பொங்கல் வரை நில் என்று எழுதியது பொய். எனக்கு ஒரு குறையும் இல்லை என்றதும் பொய். பேத்திக்கு முப்பத்தொராம் நாள் துடக்குக் கழித்த மறுநாள் முதல் பஸ்ஸில் வா. நீ இல்லாத வீட்டு முற்றத்தில் நானும் அந்தத் தேனீக்களைப் போலத்தான் சுற்றிக்கொண்டு நிற்கிறேன். 3 என்று எழுதியதைச் சுரண்டிவிட்டு, இப்போதுதான் திரும்ப 8 என்று எழுதினேன். பெயின்ற் காயவில்லை, ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டேன்.